மேசைமேல் தலைசாய்த்த பெண்

வரலாறு என்றதும் நம் மாணவர் நெஞ்சில் முதலில் தோன்றுவன அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே. அது அவர்களுடைய குற்றமன்று. நாம் அவ்வாறே கற்பித்தோம். நமக்கும் அவ்வாறே கற்பிக்கப்பட்டது. பெயர் எழுதி வைக்கப்படாத மக்களும் ஒரு காலத்தில் உண்டார்கள், உழைத்தார்கள், உறங்கினார்கள் என்பதைக் கற்பிக்க முற்படும்போதுதான் ஆசிரியர்க்குக் கையில் கருவி இல்லாத நிலை ஏற்படுகின்றது. கல்வெட்டு அவர்களுக்கு இல்லை. வாழ்க்கை வரலாற்று நூலும் இல்லை. எனினும் சில வேளைகளில் ஓர் ஓவியம் இருக்கின்றது.

சில ஆண்டுகளுக்குமுன் பயிற்சி ஆசிரியர் சிலருக்கு வரலாறு கற்பிக்கும் முறைபற்றி உரையாற்றுமாறு என்னை அழைத்திருந்தனர். நீண்ட உரை நிகழ்த்துவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு கலைநூலிலிருந்து படியெடுத்த கரிச்சித்திரம் ஒன்றைக் கரும்பலகையில் ஒட்டினேன். சித்திரத்தின் தலைப்பு, வரைந்தவர் பெயர், ஆண்டு ஆகிய மூன்றையும் ஒரு தாளால் மறைத்துவிட்டேன். "இந்தப் பெண் யார்? என்ன செய்கின்றாள்?" என்று மட்டும் கேட்டேன்.

படத்தில் ஒரு பெண் மேசையருகே அமர்ந்த நிலையில், மேசைமேலேயே தலைசாய்த்துக் கிடக்கின்றாள். அவ்வளவே. ஒருவர், "கணவனை இழந்து அழுகின்றாள்" என்றார். மற்றொருவர், "நோயுற்றிருக்கின்றாள்" என்றார். "குடித்துவிட்டு வரும் கணவனுக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டாள்" என்று ஒரு பெண்மணி கூறியபோது வகுப்பில் சிறு சிரிப்பெழுந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும், "இறந்துவிட்டாள்" என்றார். கால் மணி நேரத்தில் அந்தப் பெண்ணுக்கு ஏழெட்டு வாழ்க்கைகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொருவரும் தாம் அறிந்த துன்பத்தையே அவளுக்கு அளித்தனர் என்பதை நான் கவனித்தேன்.

பின்னர்த் தாளை அகற்றினேன். சித்திரத்தின் தலைப்பு, 'வீட்டுத் தொழிலாளி, மேசையில் உறங்குகின்றாள்' என்பது. ஆண்டு 1909. வரைந்தவர் செருமானிய நாட்டு ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் அம்மையார். இன்று இச்சித்திரம் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. தலைப்பு வெளிப்பட்டவுடன் அழுகை, நோய், சாவு எல்லாம் ஒருங்கே மறைந்தன. 'வீட்டுத் தொழிலாளி' என்னும் ஒரு சொல் எஞ்சி நின்றது. அச்சொல்லின் பொருள் வகுப்பில் எவருக்கும் விளங்கவில்லை. வீட்டு வேலைக்காரி என்றே பலரும் எண்ணினர். அதுவன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்லின் மாநகரம் ஆயத்த ஆடைத் தொழிலுக்குப் பெயர்பெற்று விளங்கியது. பெண்டிர் அணியும் மேலங்கிகளும் ஆடவர் சட்டைகளும் அங்கிருந்து பல நாடுகளுக்குச் சென்றன. ஆனால் அவற்றைத் தைத்தவர்களுள் பெரும்பாலோர் ஆலைகளில் பணியாற்றவில்லை. வணிக நிறுவனம் துணியை வெட்டி இடைத்தரகரிடம் கொடுக்கும். இடைத்தரகர் அதனைத் தொழிலாளர் குடியிருப்புகளில் உள்ள பெண்களிடம் கொடுப்பார். பெண்கள் தம் வீட்டிலிருந்தே தைத்துத் தருவார்கள். ஓர் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தையற்பொறியும் நூலும் விளக்கெண்ணெயும் அவர்கள் செலவு. அமரும் இடத்தின் வாடகையும் அவர்கள் செலவு. பலர் தையற்பொறியைத் தவணைமுறையில் வாங்கி, அதற்கான கடனை அடைக்கவே அதில் தைத்துக்கொண்டிருந்தார்கள். 1896ஆம் ஆண்டில் பெர்லின் ஆடைத் தொழிலாளர் பெரிய வேலைநிறுத்தம் ஒன்றை நடத்தினர். நாடே சிலகாலம் அவர்களைப்பற்றிப் பேசியது. பிறகு பேச்சு அடங்கியது, தையல் அடங்கவில்லை.

இவ்விடத்தில் சட்டத்தின் வரலாற்றையும் சிறிது நோக்குதல் வேண்டும். ஓவியத்தைப் பார்த்து உருகுவோர் பலர். சட்டத்தைப் படிப்போர் சிலரே. 1891ஆம் ஆண்டில் செருமானிய நாடு ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேரமே வேலை என்று வரையறுத்தது. இரவு வேலையையும் தடைசெய்தது. 1908ஆம் ஆண்டின் திருத்தம் அதனைப் பத்து மணி நேரமாகக் குறைத்தது. இவை நல்ல சட்டங்கள். ஆனால் இவை ஆலையின் வாயிலோடு நின்றுவிட்டன. வீட்டில் தைப்பவள் சட்டத்தின் கண்ணில் படவில்லை. ஆலையில் மணி அடித்தால் இயந்திரம் நிற்கும். வீட்டில் யார் மணி அடிப்பது? உடல் தானே அடித்தால்தான் உண்டு.

1908இல் திருத்தம், 1909இல் சித்திரம். இவ்விரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே, கோல்விட்ஸ் அம்மையார் அந்தப் பெண் தைத்துக்கொண்டிருப்பதை வரையாமல் உறங்குவதை வரைந்தது ஏன் என்பது எனக்கு ஒருவாறு புலனாயிற்று. படுக்கையில் உறங்குபவள் வேலையை முடித்தவள். மேசையில் உறங்குபவள் வேலையை முடிக்காதவள். உறக்கமும் உழைப்பும் ஒரே இருக்கையில், ஒரே மேசையில் நிகழ்கின்றன. வேலை நேரத்திற்கு எல்லை இல்லாமையை ஒரு கரித்துண்டால் இதைவிடத் தெளிவாகக் கூற இயலுமா என்பது ஐயமே. இது என் கருத்து. ஓவியர் இவ்வாறு எழுதிவைத்ததாக எவரும் கொள்ளவேண்டா.

ஓவியர்க்கு இத்தகைய பெண்களை எவ்வாறு தெரியும்? கேத்தே கோல்விட்ஸ் 1867ஆம் ஆண்டில் கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர். 1891இல் கார்ல் கோல்விட்ஸ் என்னும் மருத்துவரை மணந்து பெர்லினின் வடபகுதியில், தொழிலாளர் வாழும் தெருவில் குடியேறினார். கணவர், தையல் தொழிலாளரின் நோய்க்காப்பு நிதிக்கு மருத்துவராகப் பணியாற்றியவர். மருத்துவம் பார்க்கும் அறையும் ஓவியம் வரையும் அறையும் ஒரே இல்லத்தில் அமைந்திருந்தன. கணவரைக் காணவந்த பெண்கள் சிலவேளை மனைவியிடமும் அமர்ந்து தம் கதையைக் கூறிச் சென்றார்கள்.

இரக்கத்தினாலேயே அம்மையார் ஏழைகளை வரைந்தார் என்று எழுதிவிடுவது எளிது. பலர் அவ்வாறு எழுதியும் உள்ளனர். ஆனால் அவர் தம்மைப்பற்றி எழுதிய குறிப்பு வேறு விதமாக உள்ளது. தொடக்கத்தில் தொழிலாளர் வாழ்க்கையே தமக்கு அழகாகத் தோன்றியதென்றும், நடுத்தர வகுப்பாரின் வாழ்வில் அவ்வழகைக் காணவில்லையென்றும், இரக்கம் அப்போது பெரும்பங்கு வகிக்கவில்லையென்றும் அவர் கூறுகின்றார். கணவர்வழி அப்பெண்களின் துன்பத்தை நேரில் அறிந்த பின்னரே அதன் முழுக்கனமும் தம்மைப் பற்றிக்கொண்டது என்கின்றார். இந்நேர்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன். முதலில் அழகு, பிறகு அறிவு, அதன் பின்னரே துயரம். நம் மேடைகளில் பலவேளை இவ்வரிசை தலைகீழாக இருப்பதைக் காண்கின்றோம்.

1909ஆம் ஆண்டு அம்மையார் மியூனிக் நகரிலிருந்து வெளிவந்த 'சிம்ப்ளிசிசிமுஸ்' என்னும் அங்கத வார இதழுக்குப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். 'துன்பக் காட்சிகள்' என்று தலைப்பிட்ட தொடர் ஒன்றில் வீட்டுத் தொழிலும் ஒரு பொருளாக இடம்பெற்றது. வார இதழுக்குக் காலம் தாழ்த்தாமல் வரைய வேண்டும். எல்லார்க்கும் விளங்குமாறும் வரைய வேண்டும். இவ்விரு கட்டாயங்களும் தமக்கு நன்மை செய்தன என்றே அவர் கருதினார். அதற்கு ஏற்ற கருவி கரி. காற்றுப் புகாமல் சுட்ட மரக்குச்சியே ஓவியக் கரி. கூர்முனையால் ஒரு கோடு இழுக்கலாம். படுக்கவைத்துத் தேய்த்தால் ஒரே வீச்சில் இரவையே வரைந்துவிடலாம். விரலால் தொட்டால் அழியும். பசைநீர் தெளித்தால்தான் தாளில் நிலைக்கும். பெயர் பதிவாகாத ஒருத்தியைக் காட்டுதற்கு, தொட்டால் அழியும் கருவியே வாய்த்தது.

இனி, நம் ஆசிரியர்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. "அந்தப் பெண் உண்மையில் இருந்தாளா?" என்று மாணவர் கேட்பர். கேட்கத்தான் வேண்டும். புகைப்படம் எடுக்க ஒருவர் எதிரே நின்றிருக்க வேண்டும். சித்திரத்திற்கு அந்தக் கட்டாயமில்லை. கோல்விட்ஸ் அம்மையார் தம்மையே மாதிரியாக வைத்து வரையும் வழக்கமுடையவர். 1903ஆம் ஆண்டில் 'இறந்த குழந்தையுடன் பெண்' என்னும் செதுக்கோவியத்தை ஆக்கியபோது, தம் ஏழு வயது மகன் பீட்டரை மடியில் கிடத்திக் கண்ணாடியில் பார்த்து வரைந்தார். களைப்பால் அவர் முனகியபோது, படம் அழகாக வரும், கவலைப்படாதே என்று அச்சிறுவன் தாயைத் தேற்றினானாம். அந்தப் பீட்டர் 1914ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்சிய நாட்டுப் போர்க்களத்தில், பதினெட்டு வயதில், உயிர் நீத்தான். இறந்த பிள்ளையை ஏந்திய அந்தத் தாய் பெயரில்லாதவள் என்று உலகம் எண்ணியிருந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து அவளுக்குப் பெயர் வந்துவிட்டது.

ஆகவே, மேசையில் உறங்குபவள் ஒருத்தியா, பலரா, வரைந்தவரின் உடலும் அதில் கலந்துள்ளதா என்று பிரிக்க முற்படுவதைவிட, அச்சித்திரம் எதற்குச் சான்று என்று வரையறுத்துக்கொள்வதே தக்கது. ஒரு தனிப் பெண்ணின் வாழ்வுக்கு அது சான்றன்று. 1909இல் பெர்லினில் ஒரு வாரஇதழின் வாசகர், 'வீட்டுத் தொழில்' என்னும் சொல்லையும் உறங்கும் பெண்ணின் உருவத்தையும் சேர்த்துக் கண்டவுடன் பொருள் உணர்ந்தனர் என்பதற்கு அது சான்று. அவ்வுணர்வு ஒரே நாளில் தோன்றியதன்று. 1906ஆம் ஆண்டில் பெர்லினில் வீட்டுத் தொழிற் கண்காட்சி ஒன்று நடந்தது. தைத்த ஆடைகளையும் செய்த பொம்மைகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் செய்ய எவ்வளவு நேரமாயிற்று, என்ன கூலி கிடைத்தது என்று அட்டையில் எழுதி வைத்தார்கள். கண்காட்சிக்கு விளம்பரச் சுவரொட்டி வரைந்தவரும் கோல்விட்ஸ் அம்மையாரே. களைத்து ஓய்ந்த ஒரு தொழிலாளிப் பெண்ணின் முகம் அதில் இருந்தது. அச்சுவரொட்டிகளை மறைத்தாலன்றிக் கண்காட்சிக்கு வரவியலாது என்று பேரரசி அகுஸ்தா விக்டோரியா மறுத்துவிட்டார். கூலி எழுதிய அட்டைகளைக் கண்டு அரண்மனை அஞ்சவில்லை. ஒரு முகத்தைக் கண்டு அஞ்சியது. அரண்மனைக்கு இது முதன்முறையும் அன்று. 1898இல் அம்மையாரின் நெசவாளர் எழுச்சி ஓவியத் தொடருக்கு நடுவர்கள் தங்கப்பதக்கம் பரிந்துரைத்தபோது, பேரரசர் இரண்டாம் வில்லெம் அதனைத் தடுத்திருந்தார்.

வீட்டுத் தொழில்பற்றிய சட்டம் 1911ஆம் ஆண்டில்தான் பிறந்தது. அதிலும் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரம் இடம்பெறவில்லை. அதற்கு 1923 வரை அப்பெண்கள் காத்திருந்தார்கள். கோல்விட்ஸ் அம்மையார் 1919இல் பிரஷ்யக் கலைக்கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், 1933இல் இட்லர் ஆட்சியில் அங்கிருந்து வெளியேற்றப்பட்டதும், 1945 ஏப்ரலில் போர் முடிய இரு வாரங்கள் இருக்கும்போது மறைந்ததும் தனியே எழுதப்படவேண்டிய வரலாறு.

பெயருள்ள ஒரு கரிச்சித்திரத்தையும் இதனோடு ஒப்பிட விரும்புகின்றேன். 1514ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் தம் தாயைக் கரியால் வரைந்தார். அப்போது தாயின் அகவை அறுபத்து மூன்று. எலும்பு துருத்திய கழுத்து, சுருங்கிய நெற்றி, ஒருபுறம் விலகிய பார்வை எதையும் அவர் மறைக்கவில்லை. பதினெட்டு மக்களைப் பெற்று, அவர்களுள் மூவரே நிலைத்து வாழக் கண்ட உடல் அது. சித்திரத்தின் மேல்மூலையில், இவர் ஆல்பிரெக்ட் டூரரின் தாய் என்று எழுதி அகவையையும் குறித்தார். இரண்டு திங்கள் கழித்து அன்னை மறைந்தபோது, அதே தாளில் அந்நாளையும் பொழுதையும் சேர்த்து எழுதினார். அவ்வெழுத்து இல்லையெனில் இன்று அச்சித்திரத்தின்கீழ் 'ஒரு முதியவள்' என்றுதான் அச்சிட்டிருப்பர். கரி மகன் கையில் இருந்ததால் பெயர் கிடைத்தது. இச்சித்திரம் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

நம் இலக்கிய மரபு அறிந்தோர்க்கு இங்கே ஒரு மறுப்புத் தோன்றும். பெயரின்மை எப்போதும் இழப்பாகுமா? அகப்பாடல்களில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிப் பாடலாகாது என்று தொல்காப்பியம் விதிக்கின்றது. பெயரில்லாமையால்தான் குறுந்தொகைத் தலைவி ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்க முடிகின்றது. பாடிய புலவருள்ளும் சிலர் இயற்பெயர் மறைந்து, தம் பாட்டில் வரும் தொடரையே பெயராகப் பெற்றனர். செம்புலப்பெயனீரார் பெயர் அவ்வாறு வந்ததே. அவ்வாறாயின், மேசையில் உறங்கும் பெண்ணும் அகத்தலைவியைப் போன்றவள்தானா?

நான் பலநாள் இதனை எண்ணிப் பார்த்தேன். ஓவியர் அவளுக்குப் பெயரிடாமல் விட்டது அகமரபை ஒத்தது என்று கூறலாம். காண்போர் எவரும் தம்மவளாகக் கொள்ள அது இடந்தருகின்றது. ஆனால் இடைத்தரகர் அவளுக்குப் பெயரின்றி உருப்படிக் கணக்கு மட்டும் வைத்தது அகமரபன்று. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் காண்பதற்கே வரலாறு தேவைப்படுகின்றது. இப்பெயரில்லாதவர்கள் கடல் கடந்தும் சென்றார்கள். 1931ஆம் ஆண்டில் சீன எழுத்தாளர் லூ சுன், கொல்லப்பட்ட தம் இளம் நண்பர் ரோ ஷியின் நினைவாக, கோல்விட்ஸ் அம்மையாரின் மரச்செதுக்கோவியம் ஒன்றைச் சாங்காய் இதழில் வெளியிட்டார். 1936இல் அம்மையாரின் படைப்புகளைத் தொகுத்து நூலாகவும் பதிப்பித்தார். அதன்வழி எழுந்த சீன மரச்செதுக்கு இயக்கத்தின் தாக்கம் சிங்கப்பூர், மலாயாச் சீன ஓவியர்களிடமும் பரவியது. நம் பக்கத்துத் தெருவரை வந்த அந்தக் கலை நம் வாசலுக்கு வரவில்லை. நம் தோட்டப்புறப் பெண்களைக் கரியால் வரைய நம்மிடையே ஒரு கை எழாமற் போனதற்காக நான் வருந்துவதுண்டு.

இவ்வளவு நேரம் ஆராய்ச்சியாளன்போல் எழுதிவந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் படத்தை முதன்முறை நூலில் கண்டபோது நான் செருமானியப் பெண்ணைக் காணவில்லை. என் அன்னையைக் கண்டேன். அன்னை பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நண்பகல் கடந்து பால்வாளியை இறக்கிவைத்து லயத்து வீட்டுக்கு வந்தபின், அண்டை அயலாரின் சட்டைகளையும் இரவிக்கைகளையும் தைத்துக் கொடுப்பார். தோட்டத்து மின்பொறி இரவில் நிறுத்தப்பட்டுவிடும். அதன்பிறகு மண்ணெண்ணெய் விளக்கு. தையற்பொறியின் பலகைமேல் தலைசாய்த்து அவர் உறங்குவதை நான் எத்தனையோ இரவுகள் கண்டதுண்டு.

ஆகவே, பயிற்சி ஆசிரியர்கள் தத்தம் துன்பத்தை அப்பெண்ணின்மேல் ஏற்றினர் என்று மேலே எழுதினேனே, அதே குற்றத்தைச் செய்தவன் நானும்தான். அன்னைக்கு இடைத்தரகர் இல்லை. உருப்படிக் கூலியை அண்டை வீட்டார் கையிலேயே தருவார்கள், சிலவேளை தராமலும் இருப்பார்கள். பெர்லின் பெண்ணுக்குத் தையல் முதல் வேலை. அன்னைக்கு அது இரண்டாம் வேலை. இவ்வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எழுதி, அன்னையின் முகத்தை அச்சித்திரத்திலிருந்து விலக்கிய பின்னரே என்னால் 1891ஐயும் 1908ஐயும் தேடிப் படிக்க முடிந்தது. ஆனால் அன்னையின் முகம் முதலில் அங்கே தோன்றாதிருந்தால் நான் தேடியிருக்கவே மாட்டேன் என்பதும் உண்மை.

எங்கள் பள்ளி ஆண்டுமலருக்காகப் பழைய தோட்டப் படம் ஒன்றைத் தேடி எடுத்தோம். மரங்களுக்கிடையே வரிசையாகப் பெண்கள். தலையில் துணிக்கட்டு, கையில் வாளி. படத்தின் பின்புறம் தோட்டத்தின் பெயரும் நிருவாகியின் பெயரும் எழுதப்பட்டிருந்தன. நிருவாகி படத்தில் இல்லை. அக்காலத்துச் செக்ரோல் புத்தகத்தில் அப்பெண்களின் பெயர்கள், எழுத்துப் பிழையோடேனும், நாள்தோறும் எழுதப்பட்டிருக்கும். அங்கே பெயர் உண்டு, முகமில்லை. இங்கே முகமுண்டு, பெயரில்லை. படத்தை எடுத்துக்கொண்டு முதியோர் இல்லங்களுக்கு மாணவரை அனுப்பினேன். இருவரின் பெயர் கிடைத்தது. ஒருவரைப்பற்றி, "இவர் நன்றாகப் பாடுவார்" என்று மட்டும் ஒரு பாட்டி கூறினாராம். ஆண்டுமலரில் அவ்விடத்தில், 'நன்றாகப் பாடுபவர்' என்றே அச்சிட்டோம்.

அதே ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் ஒருநாள் கோல்விட்ஸ் அம்மையாரின் கரிச்சித்திரத்தையும் காட்டினேன். இம்முறை தலைப்பை மறைக்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. சற்று நேரம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, அவங்கள யாராவது எழுப்புவாங்களா?" என்று வினவினாள்.

எனக்கு விடை தெரிந்திருந்தது. மறுநாள் பள்ளிக்கு அணிந்துசெல்லும் சட்டையில் பொத்தான் அறுந்திருந்தால் அன்னையைத் தோள்தொட்டு எழுப்புவேன். அவர் சினந்துகொண்டதில்லை. விளக்குத் திரியைச் சற்று உயர்த்திவிட்டு, ஊசியில் நூல் கோத்துத் தருமாறு என்னிடம் நீட்டுவார்.